மடக்கு ஸ்டூல் வாங்கும்போது கோட்டைவிடும் இடங்கள்

கொழுக்குமலையில் ஒரு விடியற்காலை, கையில் சூடான டீயோடு புது மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்தேன். முந்தைய இரவு நல்ல மழை. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, பின்கால் இரண்டும் ஈர மண்ணுக்குள் இறங்கி நான் மல்லாந்து விழ, டீ முழுக்க என் சட்டையில். அந்த ஸ்டூலைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் ஆன்லைனில் தேடியிருக்கிறேன்: எத்தனை கிராம், எத்தனை கிலோ தாங்கும், என்ன நிறம் என்று. காலடி எவ்வளவு அகலம் என்பதை மட்டும் பார்க்கவில்லை.

இதில் இன்னொரு கூத்து, கொழுக்குமலைக்கு சூரியநெல்லியிலிருந்து ஜீப்பிலேயே போய்விடலாம். ஜீப் போகிற இடத்துக்கு எடை குறைந்த ஸ்டூல் எதற்கு? இரண்டு மூன்று கிலோ எடையுள்ள, முதுகு சாய்கிற நாற்காலியையே எடுத்துப் போயிருக்கலாம். முதல் தவறே இதுதான், எங்கே உட்காரப்போகிறோம் என்று யோசிக்காமல் பொருளைத் தேட ஆரம்பிப்பது. இமயமலைக்கு ஏதாவது குழுவோடு போகிறீர்கள் என்றால் சாப்பாட்டுக் கூடாரத்தில் பெரும்பாலும் அவர்களே ஸ்டூல் போட்டுவிடுவார்கள், முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருநாளில் ஏறி இறங்கும் மலைக்கு மடித்து வைக்கிற ஃபோம் துண்டு ஒன்று போதும். அறுபது கிராம் வரும், பாறை ஈரமாக இருந்தாலும் பின்பக்கம் நனையாது. ஸ்டூல் விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

சரி, ஸ்டூல்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். எடையைப் பார்க்கும்போது அது உறையோடா உறை இல்லாமலா என்று பாருங்கள், வந்ததும் சமையலறைத் தராசில் வைத்து நீங்களே நிறுத்துவிடுங்கள். எடையைவிட நான் முக்கியமாக நினைப்பது மடித்த பிறகு வரும் நீளம். பையின் பக்கவாட்டுப் பையில் செருகினால் நீட்டிக்கொண்டு நிற்கும் ஸ்டூல் சமதளத்தில் தொந்தரவே தராது, ஆனால் பர்வதமலையில் கடப்பாறையையும் சங்கிலியையும் பிடித்து ஏறுகிற இடத்தில் அது எதிலாவது மாட்டி உங்களைப் பின்னால் இழுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மூன்று காலா நான்கு காலா என்ற குழப்பம் பலருக்கும் உண்டு. வீட்டு நாற்காலி ஆடினால் ஒரு காலுக்குக் கீழே காகிதத்தை மடித்து வைப்போம். முக்காலிக்கு அந்த வேலையே இல்லை, எவ்வளவு மேடுபள்ளத்தில் வைத்தாலும் மூன்று காலும் தரையைத் தொட்டுவிடும், மலைக்கு அதுதான் பொருத்தம். ஆனால் பக்கவாட்டில் சாய்ந்து பையிலிருந்து எதையாவது எடுக்கப் போனால் நான்கு காலைவிடச் சீக்கிரம் கவிழும். நிறையப் பேர் அதில் தப்பாகவும் உட்காருகிறார்கள். முக்கோணத் துணியின் ஒரு மூலை உங்கள் தொடைகளுக்கு நடுவில் முன்னால் வர வேண்டும். அப்போது துணியின் விளிம்பு தொடையை அறுக்காது, பின்னால் இரண்டு கால் தாங்கும், முன்பக்கத்தை உங்கள் சொந்தக் கால்கள் பார்த்துக்கொள்ளும்.

இப்போது என்னைக் கவிழ்த்த விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள மூன்று காலடிகளின் மொத்தப் பரப்பு ஒன்பதரை சதுர சென்டிமீட்டர்கூட இல்லை. அதில் 70 கிலோ ஆள் முழு எடையையும் போட்டால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏழு கிலோவுக்கு மேல் அழுத்தம். உங்கள் பாதங்கள் கொஞ்சம் தாங்கும் என்று கழித்தாலும் ஈர மண், கடற்கரை மணல், சருகு மூடிய தரை எதுவும் அதைத் தாங்காது. காலடியில் அகலமான ரப்பர் வட்டு இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு காலில் கீழே குறுக்குக் கம்பி ஓடுகிற வகை மணலுக்கு இன்னும் நல்லது. எதுவுமே இல்லையென்றால் தட்டையான கல்லைத் தேடி ஒவ்வொரு காலுக்கும் கீழே வைக்க வேண்டியதுதான், நான் அப்புறம் அதைத்தான் செய்தேன்.

தாங்கும் எடை என்று பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். நாள் முழுக்க நடந்துவிட்டு வந்தவர் மெதுவாகவா உட்காருவார், பையோடு சேர்ந்து தொப்பென்று விழுவார். முழு எடையையும் ஒரே நொடியில் போட்டாலே, அசையாமல் இருக்கும் எடையைப் போல இரண்டு மடங்கு வரை விசை வரலாம், உயரத்திலிருந்து விழுந்தால் அதற்கும் மேலே. அதனால் உங்கள் எடையும் பையின் எடையும் சேர்த்து, அதற்கு மேல் பாதியாவது கூடுதலாக இருக்கும்படி பாருங்கள். துணியில் 600 டெனியர் என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். டெனியர் என்பது 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்ற கணக்கு, அவ்வளவுதான். நூல் தடிமன் என்பதைத்தான் அது சொல்கிறது, தையலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஸ்டூல் கிழிவது பெரும்பாலும் துணியின் நடுவில் கிடையாது, கால் செருகும் மூலையில்தான். அங்கே துணி இரட்டையாக இருக்கிறதா, தையல் குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள்.

உயரத்தை யாரும் அளப்பதில்லை. வீட்டு நாற்காலி 45 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும், எடை குறைந்த ஸ்டூல்கள் பல 25, 30 சென்டிமீட்டர்தான். மணையில் உட்கார்ந்து பழகியவருக்குப் பிரச்சினை இல்லை, இறக்கத்தில் முட்டி தேய்ந்து வந்தவருக்கு அதிலிருந்து எழுவது பெரும்பாடு. சுவீடனின் வாக்ஸ்டூல் மாதிரி கால் நீளுகிற முக்காலியை இரண்டு உயரத்திலும் பயன்படுத்தலாம், ஆனால் விலை யோசிக்க வைக்கும். விலை பொருட்டில்லை என்றால் ஹெலினாக்ஸ் சேர் ஜீரோவையும் பாருங்கள். முதுகு சாய்கிற நாற்காலியே சுமார் அரைக் கிலோதான், அதைவிடக் கனமான ஸ்டூல்கள் சந்தையில் நிறைய இருக்கின்றன. அதுவும் தாழ்வான இருக்கைதான், முட்டிவலிக்காரர்களுக்கு ஆகாது.

வளையம் வளையமாக இழுத்துத் திருகும் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று எல்லா இடத்திலும் விற்கிறது. ரயில் நிலையத்துக்கும் கோயில் வரிசைக்கும் அருமை. மலைக்கு வேண்டாம், ஒரு கிலோவை ஒட்டி வரும், வளையங்களுக்கு நடுவே மணல் புகுந்தால் பூட்டும் சரியாக விழாது, விழாத பூட்டில் உட்கார்ந்தால் ஸ்டூல் உங்களோடு சேர்ந்து கீழே இறங்கும்.

எது வாங்கினாலும் டைல்ஸ் தரையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். டைல்ஸில் எல்லா ஸ்டூலும் நன்றாகத்தான் இருக்கும். திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள், அதைப் பழைய போர்வைமேல் போட்டு இருபது நிமிடம் உட்காருங்கள், குனிந்து ஷூ லேஸ் கட்டுங்கள், பின்னால் திரும்பி ஒரு பாட்டிலை எடுங்கள். முடிந்தால் அப்போது கையில் டீ வேண்டாம்.