கேம் சந்தாவா, சொந்தக் கேமா: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் கன்சோல் வாங்கியவர்கள் சந்தாத் திட்டங்களை (கட்டணம் கட்டும் வரை ஒரு பட்டியலில் உள்ள கேம்களை விளையாடும் ஏற்பாடு) பற்றி என்னிடம் கேட்கும்போதெல்லாம், நான் முன்பு செய்த தவறுகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்துகொண்டிருப்பதைக் காண்கிறேன். தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்த மறப்பது போன்றவற்றை ஒரு முறை பணம் போனதும் எவரும் தாமே கற்றுக்கொள்வார்கள் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சந்தாவில் வந்த கேமுக்கு டிஎல்சி வாங்குவது

டிஎல்சி என்பது மூலக் கேமுடன் சேர்த்து ஆடத் தனியே விற்கப்படும் கூடுதல் பகுதி. எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். சந்தாவில் கிடைத்த, ஒரு கதாபாத்திரத்தை ஏற்று ஆடும் ஆர்பிஜி கேம் ஒன்றை அறுபது மணி நேரம் விளையாடிய பின்பு, அதன் கதையைத் தொடரும் இரண்டு டிஎல்சிகளையும் தனியே பணம் கொடுத்து வாங்கினேன். முதலாவதில் பாதி தூரம் போயிருந்தபோது, அந்தக் கேம் சந்தாப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மறுநாள் மாலை கன்சோலைத் திறந்தால், கேமின் படத்தின் மீது ஒரு சிறிய பூட்டும் அதன் கீழே 'வாங்குக' என்ற ஒற்றைச் சொல்லும் மட்டுமே இருந்தன. நான் ஆடிய இடம்வரை பதிவான சேவ் கோப்பு பத்திரமாக இருந்தது, டிஎல்சிகளும் என் கணக்கிலேயே இருந்தன. ஆனால் மூலக் கேம் இல்லாமல் அவற்றால் ஒரு பயனும் இல்லை. சட்டையே இல்லாதவன் பொத்தானை விலைக்கு வாங்கி வைத்திருந்த கதைதான்.

வாடிக்கையாளர் சேவையில் முறையிட்டபோது, விதிமுறையின் ஒரு பத்தியைச் சுட்டிக்காட்டினார்கள். அதில் எல்லாம் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது என்பது எரிச்சலை இன்னும் கூட்டியது. பட்டியலில் இருக்கும் வரை அந்தக் கேமை உறுப்பினர் தள்ளுபடியில் வாங்கியிருக்கலாம், ஆனால் அது வெளியேறியவுடன் தள்ளுபடியும் போய்விட்டதால், முழு விலை கொடுத்தே வாங்கினேன். கேமை வெளியிட்ட நிறுவனத்துக்கும் சந்தா நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிந்தால் கேம் போய்விடும். அது எப்போது முடியும் என்பது பெரும்பாலும் சில வாரங்களுக்கு முன்புதான் நமக்குத் தெரியவரும். ஆகவே டிஎல்சி வேண்டும் என்று தோன்றினால், முதலில் மூலக் கேமையும் டிஎல்சிகளையும் சேர்த்து விற்கும் முழுப் பதிப்பின் விலையைப் பாருங்கள். தள்ளுபடிக் காலத்தில் அது தனித்தனியாக வாங்குவதைவிட மலிவாகக் கிடைப்பது வழக்கம்.

மாதாந்திரக் கேம்களை இலவசம் என்று நம்புவது

சோனியின் சந்தாத் திட்டமான பிளேஸ்டேஷன் பிளஸில் மாதந்தோறும் எடுத்து வைக்கும் கேம்கள் சந்தா நின்றதும் பூட்டப்படும், மீண்டும் கட்டினால் திறக்கும்.

விலை கொடுத்தால் சொந்தமாகிவிடும் என்று நினைப்பது

சந்தாவை வெறுத்து வாங்கத் தொடங்குபவர்கள் அடுத்து விழும் குழி இது. 2014இல் வெளியான யூபிசாஃப்டின் 'தி க்ரூ' கேமைத் தனியாக விளையாடுவதற்கும் சர்வர் இணைப்பு தேவைப்பட்டது. 2024 மார்ச் 31 அன்று சர்வர்கள் நிறுத்தப்பட்டபோது, டிஸ்க்கைக் கையில் வைத்திருந்தவர்களாலும் அதை விளையாட முடியாமல் போயிற்று. டிஜிட்டலில் நாம் வாங்குவது உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குக' போன்ற சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்ற கலிஃபோர்னியச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கன்சோலுக்குக் கடையில் விற்கும் கேம்-கீ கார்டுகளில் கேமே இருக்காது. அதை இணையத்திலிருந்துதான் இறக்கிக்கொள்ள வேண்டும். கணினியில் விளையாடுபவர்களுக்கு ஜிஓஜி என்ற இணையக் கடை ஒரு நல்ல வழி. அங்கு வாங்கிய கேமின் நிறுவல் கோப்பைத் தரவிறக்கித் தனி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம்.

டிஸ்க் டிரைவ் இல்லாத கன்சோலை யோசிக்காமல் எடுப்பது

பழைய டிஸ்க் வாங்கவும் முடியாது, முடித்ததை விற்கவும் முடியாது.

ஒரே கேமுக்காக மாதக்கணக்கில் சந்தா கட்டுவது

நூற்றுக்கணக்கான கேம்கள் உள்ள பட்டியலுக்குப் பதினொரு மாதமாகப் பணம் கட்டி, அதில் ஒரே ஒரு கார் பந்தயக் கேமை மட்டும் ஆடிக்கொண்டிருந்த ஒருவருடன் அண்மையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பணத்தில் அதே கேமை இரண்டு முறை வாங்கியிருக்கலாம். சந்தாவை நிறுத்திவிட்டுக் கேமை வாங்கும்படி சொன்னேன். யோசிப்பதாகச் சொன்னவர், நேற்றுதான் அதற்குப் புதிய கார்கள் அடங்கிய டிஎல்சி ஒன்றை வாங்கியிருப்பதாகவும் மகிழ்ச்சியுடன் சொன்னார்.