செய்தியின் சாய்வைக் கண்டுபிடிக்க நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்

தேர்தல் சமயத்தில் எங்கள் வீட்டில் ஒகேனக்கல் தண்ணீருக்காகச் சண்டை வந்தது. குழாயில் தண்ணீர் வராததற்காக அல்ல. வந்த தண்ணீரை யார் கொடுத்தார்கள் என்பதற்காக. அப்பா தன் நாளிதழைக் காட்டினார், சித்தப்பா தன் தொலைக்காட்சியைக் காட்டினார். இரண்டிலும் பொய் இல்லை. என்னைக் குழப்பியது அதுதான். பிறகு நான் செய்து பார்த்துத் தேறிய முறை இது.

கோடு போட்ட நோட்டு, நீலப் பேனா, சிவப்புப் பேனா, ஒரே செய்தி வந்த மூன்று நாளிதழ்கள். நாளிதழ்களை வாங்க வேண்டாம், நூலகத்துக்குப் போங்கள். கைப்பேசியில் இதைச் செய்யாதீர்கள். நேற்று நாம் விரும்பிப் பார்த்ததற்கு உறவான செய்திதான் அதில் முந்திக்கொண்டு வரும்.

முதலில் உரிமையாளர் யார் என்று பாருங்கள். முரசொலி, தீக்கதிர் போன்ற கட்சி ஏடுகளால் தொல்லையில்லை, யார் பேசுகிறார்கள் என்பது தெரிந்தே படிக்கிறோம். மற்ற ஏடுகளில் ஆசிரியர், வெளியிடுபவர் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். நூலகத்தில் பழைய மார்ச் மாத இதழ்கள் கிடைத்தால் ‘படிவம் 4’ என்ற பெட்டியைத் தேடுங்கள், உரிமை விவரம் அதில் இருக்கும்.

அடுத்து வினைச்சொல். ஒருவர் ‘விளக்கினார்’, இன்னொருவர் ‘மழுப்பினார்’ என்றால் சிவப்புக் கோடு. இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் தடுக்கி விழுந்தது அதற்கு அடுத்த இடத்தில். செய்தி எந்த ஆண்டில் தொடங்குகிறது என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். 2013-ல் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். ஜப்பானியக் கடனுதவியும் உண்டு. ஒருவர் கதையை 2008-ல் தொடங்கி அடிக்கல்லோடு நிறுத்துவார். இன்னொருவருக்கு உலகமே 2013-ல்தான் பிறக்கும். கர்நாடகத்தில் எதிர்ப்பு எழுந்ததும், 2008-லேயே திட்டம் சில காலம் தள்ளிவைக்கப்பட்டதும் இரு கதையிலும் வசதிப்படி வரும், போகும். ஆகவே செய்தியில் வரும் ஆண்டுகளையெல்லாம் நீலத்தில் வரிசையாக எழுதுங்கள். மூன்று ஏடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எவர் எந்த ஆண்டை விழுங்கினார் என்பது தானாகத் தெரியும். வினைச்சொல்லை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நான், சாதுவாக எழுதிய ஏட்டை நடுநிலை என்று ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு தவறும் செய்தேன். எனக்குப் பிடிக்காத ஏட்டில் மட்டுமே சிவப்புப் பேனாவை ஓட்டினேன். இப்போது என் ஏட்டைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன், அவர் தயவு தாட்சண்யம் பார்ப்பதில்லை. அவருடைய ஏடு என்னிடம் வரும்.

பின்சேர்க்கை: கிருஷ்ணகிரி வாசகர் ஒருவர், “எங்கள் மாவட்டச் செய்தி மூன்று ஏட்டிலும் எழுத்து மாறாமல் இருக்கிறது, அப்படியானால் சாய்வே இல்லையா?” என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி, நான் யோசிக்காதது. ஆட்சியர் ஆய்வு, மாங்கூழ் ஆலைக் கூட்டம் போன்றவற்றுக்குச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்திலிருந்து குறிப்பு வரும். அது அப்படியே அச்சேறினால் மூன்றும் ஒன்றாகத்தான் இருக்கும். அந்தச் செய்திகளுக்கு ஆண்டுக் கணக்கு வேண்டாம். அதிகாரி அல்லாத ஒருவர், ஒரு மா விவசாயியாவது, பேசியிருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். என் நோட்டில் அதற்காக ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறேன். பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கிறது.