சோலார் படகுக்கு எத்தனை ஆம்பியர்-மணி பேட்டரி வேண்டும்?

கிருஷ்ணகிரி அணையில் மீன்பிடிக்கும் நண்பரின் ஃபைபர் படகுக்கு 12 வோல்ட் மோட்டாரும் சோலார் பேனலும் பொருத்தியபோது நான் போட்ட கணக்கைப் படிப்படியாகத் தருகிறேன். வோல்ட், ஆம்பியர், வாட் ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: அளத்தல். மோட்டாரின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பாமல், ஆளையும் வலையையும் ஏற்றித் தண்ணீரில் ஓட்டியபடியே கிளாம்ப் மீட்டரால் (கம்பியைக் கவ்வி அளக்கும் கருவி) மின்னோட்டத்தை அளக்க வேண்டும். மலிவான மீட்டர்கள் பலவும் வீட்டு மின்சாரமான ஏசியை மட்டுமே அளப்பவை என்பதால், பேட்டரி தரும் டிசியை அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். எங்கள் படகு நிதானமாகப் போகையில் 20 ஆம்பியரும், எதிர்காற்றில் முழு வேகத்தில் 45 ஆம்பியரும் இழுத்தது.

படி 2: பெருக்கல். ஆம்பியரை ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் ஆம்பியர்-மணி. நிதான ஓட்டம் 2 மணி நேரத்துக்கு 40, எதிர்காற்றில் திரும்பும் அரை மணிக்கு 22.5, விளக்குக்கும் மற்றவற்றுக்கும் 7.5, ஆக 70 ஆம்பியர்-மணி. ஆடிக் காற்றை எண்ணிக் கால் பங்கு கூட்டினால் ஏறத்தாழ 88. பகலில் பேனல் தரும் மின்சாரத்தை இதில் கழிக்காதீர்கள். மேகம் சூழ்ந்த நாளிலும் படகு கரை சேர வேண்டும்.

படி 3: பேட்டரியின் உண்மைக் கொள்ளளவு. நான் தவறியது இங்கேதான். 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியை (ஈய-அமில வகை) 45 ஆல் வகுத்து, மூன்று மணி நேரம் ஓடும் என்று நம்பினேன். ஒரு மணி நேரம் கடந்ததுமே மோட்டார் தளர்ந்து, துடுப்புப் போட்டுத்தான் கரைக்கு வந்தோம். அந்தப் பேட்டரியின் மேல் 150-ஐ அடுத்து 'சி20' என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. 20 மணி நேரத்தில் மெல்ல எடுத்தால், அதாவது 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால் மட்டுமே 150 கிடைக்கும் என்பது அதன் பொருள். 45 ஆம்பியரில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே கிடைக்கும். ஈய-அமில பேட்டரி நீடித்து உழைக்க வேண்டுமானால் அதிலும் பாதியோடு நிறுத்த வேண்டும். ஆக, மூன்றில் ஒரு பங்கே பயன்படுவதால் 88-க்கு ஏறத்தாழ 260 ஆம்பியர்-மணி தேவைப்படும். அது இரண்டு பேட்டரிகள், 100 கிலோவுக்கு மேற்பட்ட எடை.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 விழுக்காடு வரை எடுக்கலாம். வேகமாக எடுத்தாலும் கொள்ளளவு பெரிதாகக் குறையாது. 88-ஐ 0.8 ஆல் வகுத்தால் 110. கடையில் 120 கிடைக்கும், எடை சுமார் 15 கிலோ. சிறு படகுக்கு இதையே பரிந்துரைப்பேன். அதன் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்சுற்று) 100 ஆம்பியர் தாங்குவதாக இருக்கட்டும். மீதி இருப்பை அறிய வோல்ட் மீட்டர் உதவாது, ஏனெனில் இவ்வகைப் பேட்டரியின் வோல்டேஜ் கடைசிவரை அதிகம் இறங்காது. போகும் வரும் ஆம்பியரைக் கணக்கிடும், ஷன்ட் (சிறு மின்தடை) வைத்த மீட்டர் பொருத்துங்கள்.

படி 4: சார்ஜ். 330 வாட் பேனல் ஒன்று நல்ல வெயில் நாளில் 70 ஆம்பியர்-மணியை மீட்டுத் தரும். ஆனால் அதன் வோல்டேஜ் 37 அளவில் இருப்பதால் கூடுதல் வோல்டேஜை ஆம்பியராக மாற்றித் தரும் எம்பிபிடி கன்ட்ரோலர் கட்டாயம். அப்படி மாற்றாத பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் வைத்தால் மூன்றில் ஒரு பங்கே பேட்டரிக்குப் போய்ச் சேரும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர் 24 வோல்ட் மோட்டாருக்கு 120 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இரண்டை வாங்கிவிட்டார். அதே வாட் அளவுள்ள மோட்டாருக்கு 24 வோல்ட்டில் ஆம்பியர் பாதியாகிவிடுவதால் 60 ஆம்பியர்-மணி இரண்டே போதும். 24 வோல்ட் பெற இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைப்பதைச் சில பிஎம்எஸ் ஏற்காது; வாங்குமுன் விற்பவரிடம் அதைக் கேட்டுவிடுங்கள்.