புயலுக்கு முன்பே நிவாரணத் திட்டம்: கடைசித் தெருவிலிருந்து தொடங்குவது எப்படி?

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்களில் டெல்டாவுக்குப் போன நிவாரண வண்டிகள் பல, மெயின் ரோட்டைத் தாண்டவே இல்லை. சாலையோர ஊர்க்காரர்கள் மறித்து இறக்கிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அவர்கள் கூரையும்தான் பறந்திருந்தது. ஆனால் அதே பிரெட் பாக்கெட் ஒரு ஊருக்கு நாலு முறை வர, உள்ளே தள்ளியிருந்த குடியிருப்புகள் காத்துக் கிடந்தன.

மனசு இருந்தும் திட்டம் இல்லாமல் போனால் இதுதான் நடக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். ஆகவே கீழே உள்ள வேலைகளில் முதல் நான்கையும் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள். ஐந்தாறு நண்பர்கள் சேர்ந்த ஒரு சின்னக் குழு என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

படி 1: எல்லையைச் சுருக்குங்கள்

மாவட்டம் முழுக்க உதவ நினைக்காதீர்கள். ஒரு ஊராட்சி, அதிலும் சுமார் 150 குடும்பங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதுவே அதிகம்.

படி 2: பட்டியலைக் கடைசியிலிருந்து எழுதுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான வேலை இதுதான். ஊருக்குள் போனதும் தலைவரைப் பார்த்து “யாருக்கு உதவி தேவை?” என்று கேட்டால் ஒரு பட்டியல் கிடைக்கும். அது பொய்யாக இருக்காது, ஆனால் முழுசாகவும் இருக்காது. 2004 சுனாமி நிவாரணத்திலேயே தலித் குடியிருப்புகளும் இருளர் குடும்பங்களும் விடுபட்டதாகப் புகார்கள் எழுந்தன. ஆகவே ஊரின் மறுகோடியிலிருந்து நடந்து வாருங்கள்: வாய்க்கால் கரை, உப்பளத்தை ஒட்டிய குடிசைகள், காலனியின் கடைசித் தெரு, பூம்பூம் மாட்டுக்காரர்களும் நரிக்குறவர்களும் தங்கும் இடங்கள்.

அரசு நிவாரணம் பெரும்பாலும் குடும்ப அட்டையை வைத்துத்தான் வரும். அட்டை வேறு ஊரில் இருப்பவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், செங்கல் சூளைக்கு வந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஆகியோர் அதில் வரமாட்டார்கள். இவர்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

யாரைக் கேட்பது? கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் அங்கன்வாடி ஊழியருக்குத் தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவர்கள், சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் விவரத்தைக் கிராம சுகாதார செவிலியரும், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்களும் சொல்லிவிடுவார்கள். தனியாக வாழும் வயசான அம்மாக்களைப் பற்றித் தெரிய வேண்டுமா? நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள், போதும்.

குடும்பத் தலைவர் பெயர், ஆட்கள் எண்ணிக்கை, வீட்டு வகை, தனித் தேவை ஆகிய நான்கும் இருந்தால் போதும். ஆதார் எண் வாங்காதீர்கள், உங்களுக்கு அது எதற்கு? நோட்டில் எழுதுங்கள், போட்டோவும் எடுத்து வையுங்கள். புயலன்று கரன்ட்டும் இருக்காது, சிக்னலும் இருக்காது.

படி 3: கணக்குப் போடுங்கள்

150 குடும்பம், வீட்டுக்கு நாலு பேர் என்றால் 600 பேர்.

தண்ணீர்: ‘ஸ்பியர்’ என்னும் உலகளாவிய நிவாரணத் தரநிலைப்படி குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளுக்குக் குறைந்தது 15 லிட்டர். 600 பேருக்கு 9,000 லிட்டர், அதாவது தினமும் ஒரு டேங்கர் லாரி. கேன் தண்ணீரால் இதைச் சமாளிக்க முடியாது. கஜாவுக்குப் பிறகு ஊர் ஊராக ஜெனரேட்டர் கொண்டுபோய், மோட்டாரை ஓட்டி மேல்நிலைத் தொட்டியை நிரப்பினார்கள். ஆகவே எந்த மோட்டார், எத்தனை ஹெச்பி, ஜெனரேட்டர் யாரிடம் வாடகைக்குக் கிடைக்கும் என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பாட்டில் தண்ணீரைவிட அந்த ஒரு குறிப்பு பெரிசு.

சாப்பாடு: ஒருவருக்கு நாளுக்கு 400 கிராம் அரிசி, 60 கிராம் பருப்பு, 25 கிராம் எண்ணெய் என்று வையுங்கள். நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு அரிசி 11 கிலோ 200 கிராம், பருப்பு 1 கிலோ 680 கிராம், எண்ணெய் 700 கிராம். உப்பு, புளி, மிளகாய்த்தூள், தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, கொசுவத்தி, சானிட்டரி நாப்கின், தார்ப்பாய், பாய் சேர்ந்தால் ஒரு மூட்டை ஏறக்குறைய 20 கிலோ வரும். 150 மூட்டைக்கு 3 டன். குட்டியானை முக்கால் டன் ஏற்றும் என்றால் நாலு நடை. தெரு குறுகல் என்பதால் பெரிய லாரி வேண்டாம்.

பழைய துணி வாங்காதீர்கள். சுனாமிக்குப் பிறகு நாகையில் தெருவோரம் குவிந்து கிடந்த துணியைச் சுத்தம் செய்வதே தனி வேலையாகிப் போனது.

படி 4: சொல்லிவிட்டுச் செய்யுங்கள்

விஏஓ, வட்டார வளர்ச்சி அலுவலர், ஊராட்சித் தலைவர் மூவரிடமும் உங்கள் பட்டியல் இருக்கட்டும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. பக்கத்தில் வேறு குழு இருந்தால் தெருக்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பணம் வசூலித்தால் இரண்டு பேர் கையெழுத்துப் போடும் கணக்கில் வாங்குங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள நண்பர் அனுப்புகிறேன் என்றால், வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் உரிய பதிவோ அனுமதியோ இல்லாமல் வாங்காதீர்கள்.

படி 5: கொடுக்கும் நாள்

முந்தின நாள் மாலையே வீடு வீடாகப் போய் டோக்கன் கொடுங்கள். வண்டி வந்த பிறகு டோக்கன் எழுத ஆரம்பித்தால் தள்ளுமுள்ளுதான். முதல் நடை நேராகக் கடைசித் தெருவுக்குப் போகட்டும். வழியில் மறிப்பார்கள் என்று தெரிந்தே முதல் வண்டியில் பத்து மூட்டை கூடுதலாக ஏற்றுங்கள். “அண்ணே, உங்க தெருவுக்கு அடுத்த நடை, இந்தாங்க டோக்கன்” என்று சொல்ல உள்ளூர்க்காரர் ஒருவர் வண்டியின் முன்சீட்டில் இருப்பது அவசியம். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். மூட்டையை வாங்கும்போது முகம் தெரியப் படம் எடுப்பது வேண்டாமே. நன்கொடையாளர் கேட்டால் கையெழுத்துப் பதிவேட்டைக் காட்டுங்கள்.

படி 6: ஒரு வாரம் கழித்து

கடைகள் திறந்துவிட்டால் பொருளை நிறுத்திவிட்டுப் பணமாகக் கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து. அவரவர் தேவை அவரவருக்குத் தெரியும், உள்ளூர் மளிகைக் கடைக்காரரும் பிழைப்பார். அப்புறம், தேவையும் மாறியிருக்கும்: விழுந்த தென்னையை அறுக்க ரம்பம், நனைந்துபோன சான்றிதழ்களுக்கு மனு எழுத ஆள், பிள்ளைகளுக்கு நோட்டு. புதுத் தென்னங்கன்று காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். அதுவரை தோப்பு வைத்திருந்தவரும் கஷ்டப்படுவார், அங்கே தேங்காய் உரித்த கூலிக்காரருக்கும் வேலை இருக்காது. இரண்டாவது ஆள் இழப்பீட்டுப் பட்டியலில் இருக்கமாட்டார்.

பதினைந்தாம் நாள் அதே நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி நடந்து வாருங்கள். டிக் அடிக்காத பெயர்கள் சில கண்டிப்பாக இருக்கும். கையில் மிச்சப் பணம் அதற்குத்தான்.