'மீதியில்' என்று வந்தால் கழிக்காதீர்கள், பெருக்குங்கள்

பின்னக் கணக்கில் 'மீதியில்' என்ற சொல் வந்தால், செலவான பங்கை விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் மிஞ்சும் பங்கை மட்டும் எழுதிப் பெருக்குங்கள்.

சம்பளத்தில் 1/3 பங்கு வாடகை, மீதியில் 1/4 பங்கு மளிகை, கையில் மிச்சம் ரூ.12,000 என்று வைத்துக்கொள்வோம். வாடகை போக மிஞ்சுவது 2/3. அதில் மளிகை போக மிஞ்சுவது 3/4. 2/3 × 3/4 = 1/2. பாதிச் சம்பளம் 12,000 என்றால் முழுச் சம்பளம் 24,000. அவ்வளவுதான், x கூடத் தேவையில்லை.

இரண்டாவது பின்னம் முழுச் சம்பளத்தின் பங்கு அல்ல, மிஞ்சியதன் பங்கு. அதனால்தான் பெருக்கல் சரியாக வருகிறது. பிள்ளைகள் பெரும்பாலும் 1/3-யும் 1/4-யும் கூட்டி மாட்டிக்கொள்வது இங்கேதான். பின்னத்துக்கு முன்னால் உள்ள சொல்லை அடிக்கோடிடச் சொல்லுங்கள்.

'மீதியில்' இல்லாமல் 'சம்பளத்தில் 1/4' என்றே இருந்தால் இந்த வழி பொருந்தாது. அப்போது 1 − 1/3 − 1/4 = 5/12 என்று கழிக்கத்தான் வேண்டும். நடுவில் 'ரூ.500 கொடுத்தார்' என்று தனித் தொகை வந்தாலும் நேரடியாகப் பெருக்க முடியாது. கடைசித் தொகையிலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போக வேண்டும்.