மைக்ரோவையும் வோல்ட்டையும் மட்டும் சொல்லி கெப்பாசிட்டர் வாங்காதீர்கள்

எலக்ட்ரானிக் பாகங்கள் விற்கும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எந்தக் கடை கவுன்ட்டரில் போய் நின்றாலும் வரும் கேள்வி இரண்டுதான்: "எவ்ளோ மைக்ரோ? எவ்ளோ வோல்ட்டு?" மைக்ரோ என்றால் மைக்ரோ ஃபாரட், கெப்பாசிட்டர் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் கொள்ளளவு. கன்னடத்தில் கேட்பார்கள், இந்தியில் கேட்பார்கள், நம் பேச்சைக் கேட்டதும் தமிழிலேயே கேட்பவர்களும் உண்டு. டெல்லி லஜ்பத் ராய் மார்க்கெட்டிலும் மும்பை லேமிங்டன் ரோட்டிலும் இதே கேள்விதான். "ஆயிரம், இருபத்தஞ்சு" என்று நாம் சொன்னதும் டிராயரிலிருந்து நாலைந்தை எடுத்துக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார். கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கேட்டதைத்தான் கொடுத்தார். ஆனால் டிவி போர்டோ, எல்.இ.டி. டிரைவரோ, ஆம்ப்ளிஃபயரோ ரிப்பேர் பார்த்த ஆறே மாதத்தில் திரும்பி வருகிறது என்றால், அநேகமாக நாம் சொல்லாமல் விட்ட மற்ற விவரங்கள்தான் காரணம்.

எலக்ட்ரோலிட்டிக் எனப்படும் அலுமினிய டப்பா வகைக் கெப்பாசிட்டருக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் பாதித் தவறுகள் தானாகவே நின்றுவிடும். இரண்டு அலுமினிய ஃபாயில், நடுவே எலக்ட்ரோலைட் என்ற திரவத்தில் ஊறிய காகிதம், எல்லாவற்றையும் சேர்த்துச் சுருட்டி டப்பாவில் அடைத்து அடியில் ரப்பர் வைத்து மூடியிருக்கிறார்கள். பாசிட்டிவ் ஃபாயிலின் மேல் மின்சாரம் செலுத்தி வளர்த்த அலுமினியம் ஆக்ஸைடு படலம்தான் இன்சுலேஷன். வோல்ட்டுக்குச் சுமார் 1.4 நானோமீட்டர் வீதம், அவ்வளவு மெல்லியது. மறுபக்கத்துத் தகடாக வேலை செய்வது அந்தத் திரவமே. இரண்டாவது ஃபாயில் திரவத்தை வெளிக்காலோடு இணைக்க மட்டும் இருக்கிறது. திருப்பி மாட்டினால் படலம் சிதையும், சூடாகும், வாயு உண்டாகும், வெடிக்கும். வோல்ட் மீறினாலும் அதே கதி. திரவம் காய்ந்தால் கொள்ளளவு குறையும், உள்தடை ஏறும்.

முதலில் வோல்ட் கணக்கு. "12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்தானே, 16 வோல்ட் போதும்" என்பது மிகப் பழைய தவறு. டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருப்பது ஆர்.எம்.எஸ். அளவு, அதாவது ஏ.சி.யின் பயனுறு மதிப்பு. உச்சம் அதைப்போல் 1.414 மடங்கு, அதாவது 17 வோல்ட். பிரிட்ஜ் டயோடில் சுமார் ஒன்றரை வோல்ட் போனாலும், லோடு இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மர் எழுதியதைவிடக் கூடுதலாகவே கொடுக்கும். இரவில் லைன் 250 வோல்ட்டுக்கு ஏறினால் இன்னும் கூடும். இங்கே 25 வோல்ட்தான் சரி. எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் ஸ்விட்சிங் பவர் சப்ளையில் மெயின்ஸ் நுழையும் முன்பக்கத்திலும் இதே கணக்கு: 230 வோல்ட்டுக்கு உச்சம் 325, 250 வந்தால் 354. அந்த இடத்தில் 350 வோல்ட் கெப்பாசிட்டரைப் போடுவது விபத்துக்கு நாள் குறிப்பதுதான். 400 அல்லது 450 கேளுங்கள். வோல்ட் கூடுதலாக இருப்பதால் கெடுதல் இல்லை. டப்பா பெரிதாகும், போர்டில் உட்காருமா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

மைக்ரோ ஃபாரடில் இவ்வளவு பதற்றம் தேவையில்லை. சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கில் கூட்டல் கழித்தல் 20 சதவீதம் வித்தியாசம் அனுமதிக்கப்பட்டதே. 1000 என்று எழுதியது 800 ஆகவும் இருக்கலாம், 1200 ஆகவும் இருக்கலாம். சப்ளை ஃபில்டரில் 820 கிடைக்கவில்லை என்று நாலு கடை ஏறி இறங்குபவர், அந்த அலைச்சலை அடுத்து வரும் விஷயத்துக்குச் செலவழிக்கலாம்.

85, 105 என்று டப்பாவில் இருக்கும் டிகிரி

டப்பாவில் 85 டிகிரி அல்லது 105 டிகிரி என்று அச்சிட்டிருக்கும். அந்தச் சூட்டில் எத்தனை மணி நேரம் உழைக்கும் என்பதைப் பெரும்பாலும் அச்சிடுவதில்லை, அது கம்பெனி வெளியிடும் விவரத்தாளான டேட்டாஷீட்டில் இருக்கும். 1000 மணி, 2000 மணி, 5000, 10000 என்று பல தரம் உண்டு. "2000 மணியா? மூன்று மாதம்கூட இல்லையே!" என்று பயப்பட வேண்டாம். அது உச்சச் சூட்டில் முழு ரிப்பிளோடு, அதாவது ஏறி இறங்கும் கரன்ட்டோடு, ஓட்டினால் வரும் கணக்கு. தோராயமான விதி, சூடு 10 டிகிரி குறையும்தோறும் ஆயுள் இரட்டிப்பாகும்.

இதை எல்.இ.டி. டிரைவரில் வைத்துப் பாருங்கள். மூடிய பெட்டிக்குள் கெப்பாசிட்டர் இருக்கும் இடத்தில் 65 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 85 டிகிரி, 2000 மணி தரத்தைப் போட்டால் நான்கு மடங்கு, 8000 மணி. இரவும் பகலும் எரியும் விளக்கென்றால் ஒரு வருடம்கூட இல்லை. அதே 2000 மணியை 105 டிகிரி தரத்தில் வாங்கினால் பதினாறு மடங்கு, 32000 மணி, மூன்றரை வருடத்துக்கு மேல். இரண்டுக்கும் கவுன்ட்டரில் விலை வித்தியாசம் சில ரூபாய்தான் இருக்கும். என்னைக் கேட்டால் ரிப்பேர் வேலைக்கு 85 டிகிரி சரக்கை வாங்கவே தேவையில்லை. திறந்த பெட்டியில், குளிர்ச்சியான இடத்தில், அடிக்கடி ஓடாத கருவி என்றால் மட்டும் பரவாயில்லை. பெங்களூரு குளிர்ந்த ஊர்தானே என்று நினைக்கவும் வேண்டாம். வெளியே 25 டிகிரி இருந்தாலும் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க்கை ஒட்டி நிற்கும் கெப்பாசிட்டருக்கு ஊர் குளிர்ச்சி எட்டாது. பழையது போன இடத்தில் புதியதை ஹீட்சிங்க்கிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சாய்த்து வைத்தாலே பலன் தெரியும்.

இ.எஸ்.ஆர். கேட்காமல் வாங்குவது

எந்தக் கெப்பாசிட்டருக்குள்ளும் ஒரு சிறு தடை இருக்கிறது, அதற்குத்தான் இ.எஸ்.ஆர். என்று பெயர். அதன் வழியே ஏறி இறங்கும் ரிப்பிள் கரன்ட் ஓடும்போது சூடு உண்டாகிறது. கரன்ட்டின் வர்க்கத்தைத் தடையால் பெருக்க வேண்டும்: 0.1 ஓமில் 1 ஆம்பியர் ஓடினால் 0.1 வாட், 2 ஆம்பியர் ஓடினால் 0.4 வாட். விரல் தடிமன்கூட இல்லாத டப்பாவுக்குள் அந்தச் சூடு தங்கி, திரவத்தைக் காய வைக்கிறது. காயக் காயத் தடை ஏறுகிறது, தடை ஏற ஏறச் சூடு கூடுகிறது.

50 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் சப்ளைக்குப் பொதுத் தரம் போதும், அங்கே ரிப்பிள் 100 ஹெர்ட்ஸ்தான். எஸ்.எம்.பி.எஸ். வெளிப்பக்கத்தில் பல்லாயிரம் ஹெர்ட்ஸில் துடிக்கும் கரன்ட்டுக்கு லோ இ.எஸ்.ஆர். சீரீஸ் வேண்டும். மைக்ரோவும் வோல்ட்டும் டிகிரியும் ஒன்றாகவே இருக்கும், சீரீஸ் எழுத்து மட்டும் மாறும். நிப்பான் கெமிகானின் கே.எம்.ஜி. பொதுத் தரம். பானசோனிக் எஃப்.ஆர்., ரூபிகான் இசட்.எல்.எச். ஆகியவை லோ இ.எஸ்.ஆர். வகை. பழைய கெப்பாசிட்டரைக் கழற்றியதும் தூக்கிப் போடாமல் டப்பாவைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையான ஸ்லீவில் இருக்கும் அந்த இரண்டு மூன்று எழுத்தைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். போனில் படம் எடுத்தால் போதும். அதே படத்தில் ஸ்கேலை வைத்து விட்டத்தையும் உயரத்தையும் காட்டிவிட்டால் "பெரிசா இருக்குதுண்ணா, உள்ளே போகல" என்று மறுபடி பஸ் ஏற வேண்டியதில்லை.

இதே இடத்தில் சோதனையிலும் ஒரு தவறு நடக்கிறது. மேல்மூடி உப்பவில்லை, மல்டிமீட்டரில் மைக்ரோ சரியாகக் காட்டுகிறது, ஆகவே நல்லது என்று முடிவு கட்டிவிடுகிறோம். கொள்ளளவு 900 காட்டும் கெப்பாசிட்டருக்கு இ.எஸ்.ஆர். பத்து மடங்கு ஏறியிருக்கலாம். சாதாரண மீட்டர் அதைச் சொல்லாது, தனி இ.எஸ்.ஆர். மீட்டர்தான் சொல்லும். உப்பாமல் அடி ரப்பர் வழியாகக் கசிந்து செத்தவையும் ஏராளம். 2000களின் தொடக்கத்தில் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர் மதர்போர்டுகள் கொத்துக் கொத்தாகப் போனபோது உப்பிய மூடிகளின் படங்கள் பரவின. எலக்ட்ரோலைட் கலவையின் கோளாறால் வந்தது அது. உப்பினால்தான் கெட்டது என்ற எண்ணம் அப்போது பதிந்திருக்க வேண்டும்.

வகை மாற்றிப் போடுதல்

கோடு எந்தப் பக்கம் என்பது உயிர் விஷயம். அலுமினிய டப்பாவில் கோடு இருப்பது நெகட்டிவ் கால். டான்டலம் வகையில், மஞ்சள் அல்லது கறுப்புச் சதுரத்தில், கோடு இருப்பது பாசிட்டிவ். இரண்டையும் ஒரே பழக்கத்தில் மாட்டினால் டான்டலம் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கவும் செய்யும். சாதாரண டான்டலத்தை எழுதிய வோல்ட்டில் பாதிக்குமேல் ஓட்டாமல் இருப்பது பழைய நல்வழக்கம். 12 வோல்ட் லைனுக்கு 25 வோல்ட் டான்டலம் வாங்குங்கள்.

பாலிமர் வகைக்கு இப்போது நல்ல பெயர். திரவம் இல்லை, காயாது, இ.எஸ்.ஆர். மிகக் குறைவு. அதற்காக எல்லா இடத்திலும் அதைப் போட்டுவிட முடியாது. வோல்ட்டை நிலையாக வைக்கும் எல்.எம்.1117 மாதிரி ரெகுலேட்டர்கள் வெளிப்பக்கக் கெப்பாசிட்டரில் 0.3 முதல் 22 ஓம் வரை இ.எஸ்.ஆர். இருந்தால்தான் நிலையாக ஓடும். அங்கே பாலிமரோ செராமிக்கோ மட்டும் போட்டால் வெளியீடு ஆடத் தொடங்கும்.

சீலிங் ஃபேனுக்கு 2.5 மைக்ரோ, 440 வோல்ட் ஏ.சி. என்று எழுதிய ஃபிலிம் கெப்பாசிட்டர்தான் வேண்டும். பாசிட்டிவ், நெகட்டிவ் பேதம் உள்ள எலக்ட்ரோலிட்டிக்கை அங்கே வைத்தால் சில நொடியில் வெடிக்கும். மெயின்ஸ் லைனுக்குக் குறுக்கே இருக்கும் எக்ஸ்2 என்ற பாதுகாப்புத் தரக் கெப்பாசிட்டருக்கும் இப்படித்தான்: 400 வோல்ட் டி.சி. ஃபிலிம் அதற்கு மாற்றே இல்லை. ஸ்பீக்கர் கிராஸ்ஓவருக்கு, எந்தப் பக்கமும் மாட்டக்கூடிய பைபோலார் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

செராமிக் பற்றி இரண்டே வரி. 104 என்றால் 10க்குப் பின் நாலு பூஜ்யம், பிக்கோ ஃபாரடில், அதாவது 0.1 மைக்ரோ. 100 என்று எழுதியிருந்தால் அது 10 பிக்கோ. நூறு என்று படித்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு.

போலி, பழையது, கழற்றியது

ஸ்லீவில் நல்ல ஜப்பான் பெயர், விலை பாதி. வாங்கிப் பிரித்துப் பார்த்தால் பெரிய டப்பாவுக்குள் சின்னக் கெப்பாசிட்டர் உட்கார்ந்திருக்கும். ஆடியோ ஆம்ப்ளிஃபயருக்கு 10000 மைக்ரோ தேடுபவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள். பார்வைக்குப் பெரிதாய், கைக்கு லேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அந்தச் சீரீஸின் டேட்டாஷீட்டில் அந்த மைக்ரோவும் வோல்ட்டும் இருக்கிறதா, விட்டமும் உயரமும் ஒத்துப்போகிறதா என்று கடை வாசலில் நின்றே போனில் பார்த்துவிடலாம். பட்டியலிலேயே இல்லாத அளவு டப்பாவில் அச்சாகியிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. கால் குட்டையாக, நுனியில் ஈயம் ஒட்டியிருந்தால் போர்டிலிருந்து கழற்றியது.

ஸ்லீவில் நான்கு இலக்கத் தேதிக் குறி பல கம்பெனிகளில் இருக்கும். 1823 என்றால் 2018இன் 23ஆவது வாரம். பல வருடம் டிராயரில் கிடந்த எலக்ட்ரோலிட்டிக்கில் ஆக்ஸைடு படலம் தளர்ந்து லீக்கேஜ் கரன்ட் கூடியிருக்கும். உடனே முழு வோல்ட் கொடுக்காமல், ஒரு ரெசிஸ்டர் வழியாக மெதுவாக ஏற்றினால் படலம் மறுபடி தேறும். உயர் வோல்ட் வகைக்கு இது கட்டாயம்.

பழையதைக் கழற்றும் முன் டிஸ்சார்ஜ் செய்ய ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். 325 வோல்ட்டில் நிற்கும் 100 மைக்ரோ கெப்பாசிட்டரில் 5 ஜூல் இருக்கிறது. முனை உருகும், போர்டின் டிராக் பிய்யும். 2.2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இரண்டு விநாடி பிடித்தால் இறங்கிவிடும். பிறகு மீட்டரில் பார்த்துவிட்டுத் தொடுங்கள், கொஞ்சம் வோல்ட் தானாகவே திரும்ப ஏறும்.

வாங்கும் இடம் வேலையைப் பொறுத்தது. பழகிப் பார்க்கும் புராஜெக்டுக்கு எஸ்.பி. ரோடு சரக்கே போதும். இன்வெர்ட்டர், யு.பி.எஸ்., வாடிக்கையாளருக்கு வாரன்ட்டி சொல்லிக் கொடுக்கும் போர்டு என்றால் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற டிஸ்ட்ரிபியூட்டரிடம் பில்லோடு வாங்குவதே மேல். ஜப்பான் பெயர்தான் வேண்டும் என்பதுமில்லை. கேரள அரசின் கெல்ட்ரான் கண்ணூரில் அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் தயாரிக்கிறது, டேட்டாஷீட்டும் உண்டு. எங்கே வாங்கினாலும் பத்துக்கு இரண்டு கூடுதலாக வாங்கி, சால்டர் செய்யும் முன் அத்தனையையும் மீட்டரில் அளந்துவிடுங்கள். ஒரே கவரில் ஒன்று 980, இன்னொன்று 610 காட்டினால் அந்தக் கவரை அப்படியே திருப்பிக் கொடுங்கள்.