ஊடகத்துறையில் பிஎச்டி: ஃபீஸ் கம்மி என்று சேர்ந்து அதிகம் செலவழிக்காமல் இருக்க

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இருந்துகொண்டு தொடர்பியல், இதழியல் பக்கம் முனைவர் பட்டம் செய்ய நினைக்கும் நம்மவர்கள் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எங்கே ஃபீஸ் கம்மி? கேட்பதில் தப்பே இல்லை. நிருபர் சம்பளத்திலும் பகுதிநேர விரிவுரையாளர் சம்பளத்திலும் குடும்பம் நடத்துகிறவர் வேறு எதை முதலில் கேட்பார்? ஆனால் பதிலாக வரும் தொகை ஒரு செமஸ்டருக்கானது. மொத்தச் செலவு எவ்வளவு என்பது படிப்பு எத்தனை செமஸ்டர் இழுக்கிறது என்பதைப் பொறுத்தது. இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. செமஸ்டருக்கு 2,500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வாங்கும் இடத்தில் 10 செமஸ்டர் இழுத்தால் 25,000 வெள்ளி. 3,500 வாங்கும் இடத்தில் 6 செமஸ்டரில் முடித்தால் 21,000. கூடுதலாகப் போன இரண்டு வருட வாடகை, பெட்ரோல், கைவிட்ட சம்பள உயர்வு எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. அதனால் பதிவு அலுவலகத்தில் கட்டண அட்டவணையை வாங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். அந்தத் துறையில் கடைசியாக முடித்த நாலைந்து பேர் எத்தனை வருடம் எடுத்தார்கள் என்று விசாரியுங்கள். இதை மாணவர் சேர்க்கைப் பிரிவில் கேட்டால் சிரித்து மழுப்புவார்கள். இப்போது அங்கே ஆய்வு செய்துகொண்டிருப்பவரைப் பிடித்து ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். உண்மை வரும்.

குடியுரிமை உள்ளவர்களுக்குப் பொதுவாக அரசுப் பல்கலைக்கழகங்களே தனியாரைவிடச் சிக்கனம். பினாங்கில் இருப்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது 1969-இல் தொடங்கி இப்போது மிண்டனில் இருக்கும் யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்). அங்கே தொடர்பியலுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. தலைநகர் வட்டாரத்தில் மலாயாப் பல்கலைக்கழகம், பாங்கியில் யூகேஎம் (மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம்), செர்டாங்கில் யூபிஎம் (புத்ரா மலேசியாப் பல்கலைக்கழகம்), கோம்பாக்கில் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் என்று தேர்வு கொஞ்சம் அதிகம். ஆனால் தலைநகரில் தூரமும் ஒரு செலவு. மாதம் 50 வெள்ளி மை50 பயண அட்டை வைத்திருப்பவர் எல்ஆர்டி நகர ரயிலில் யூனிவர்சிட்டி நிலையத்தில் இறங்கி மலாயாவுக்குப் போகலாம். எம்ஆர்டி ரயிலில் யூபிஎம் பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. பாங்கிக்குக் கேடிஎம் கொமுட்டர் ரயில் பிடிக்க வேண்டும். அதில் அந்த அட்டை செல்லாது. சின்ன விஷயம்தான், ஆனால் நாலைந்து வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்.

அங்கீகாரத்தைப் பாதி மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. "எம்க்யூஏ அங்கீகாரம் உண்டு" என்று துண்டுப்பிரசுரத்தில் அச்சடித்திருந்தால் நம்பிவிடுகிறோம். எம்க்யூஏ என்பது படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் மலேசியத் தகுதி முகமை. 2007-இல் அமைக்கப்பட்ட அந்த முகமை மலேசியத் தகுதிப் பதிவேடு ஒன்றை இணையத்தில் திறந்தே வைத்திருக்கிறது. அதில் நீங்கள் சேரப்போகும் படிப்பின் பெயரைத் தேடுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. முழு ஆய்வு முறையா, பாடமும் ஆய்வும் கலந்த முறையா, எந்த வளாகத்துக்கான பதிவு என்பதெல்லாம் உங்கள் சேர்க்கைக் கடிதத்தோடு ஒத்துப்போக வேண்டும். அரசு வேலைக்கோ அரசுப் பல்கலைக்கழக விரிவுரைக்கோ போகும் எண்ணம் இருந்தால் ஜேபிஏ (அரசின் பொதுச் சேவைத் துறை) அந்தப் பட்டத்தை ஏற்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அங்கே ரூபாயில் கட்டணம் குறைவு, மொழியும் நம்முடையது, சொந்தக்காரர் வீடும் இருக்கும். அதனால் அங்கே பதிவு செய்துகொண்டு இங்கிருந்தே வேலை பார்க்கலாம் என்று முகவர்கள் சொல்வார்கள். இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி பிஎச்டிக்குக் குறைந்தது மூன்று வருடம்; அதற்குள் பாட வகுப்புகளும் உண்டு. வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து இணையக் கல்வி நிறுவனங்கள் விற்கும் "ஆன்லைன் பிஎச்டி" செல்லாது என்று அதே வருடம் அக்டோபரில் அந்தக் குழுவே எச்சரித்தது. நேரில் போய்த் தங்கிப் படிக்க முடியும் என்றால் தாராளமாகப் போங்கள், நல்ல துறைகள் இருக்கின்றன. வீட்டிலிருந்தே ஒன்றரை வருடத்தில் முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், அவர் வாட்ஸ்அப் எண்ணைத் தடை செய்துவிடுங்கள்.

சரி, இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மேற்பார்வையாளரைத் துறையே ஒதுக்கித் தரட்டும் என்று விட்டுவிடுவது இந்தப் படிப்பில் ஆகும் மிகப் பெரிய செலவு. முழு ஆய்வு முறையில் உங்களுக்கு வகுப்பறை என்று பெரிதாக ஒன்று கிடையாது. நாலைந்து வருடம் நீங்கள் பேசப்போவது பெரும்பாலும் அந்த ஒருவரோடுதான். முதலில் ஆளைத் தேடுங்கள், அப்புறம் அவர் எந்த வளாகத்தில் இருக்கிறாரோ அங்கே விண்ணப்பியுங்கள்.

எதைப் பார்க்க வேண்டும்? அவர் கடந்த மூன்று நான்கு வருடத்தில் எழுதிய கட்டுரைகளில் இரண்டையாவது உட்கார்ந்து படியுங்கள். தொடர்பியல் என்ற ஒரே பெயருக்குக் கீழே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வேலைகள் நடக்கின்றன. ஒருவர் 400 பேரிடம் வினாப்படிவம் கொடுத்துப் புள்ளிவிவரம் போடுகிறவர். இன்னொருவர் ஒரு தலையங்கத்தை வரி வரியாகப் பிரித்து அதிகாரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்கிறவர். மூன்றாமவர் விளம்பரம், நிறுவனத் தொடர்பு பக்கம். தமிழ் வானொலி நேயர்களோடு உட்கார்ந்து பேசி எழுத நினைக்கும் நீங்கள் முதலாமவரிடம் போய் மாட்டினால், இரண்டாம் வருடத்தில் உங்கள் ஆய்வு வினாப்படிவமாக மாறியிருக்கும். அவர் மேல் குற்றமில்லை, அவருக்குத் தெரிந்ததைத்தான் அவர் சொல்லித்தருவார்.

அடுத்தது வயது. கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டாய ஓய்வு 60 வயதில். 58 வயதுப் பேராசிரியரிடம் பகுதிநேரமாகச் சேர்ந்தால் நடுவழியில் மேற்பார்வையாளர் மாறுவது கிட்டத்தட்ட நிச்சயம். சிலர் ஒப்பந்தத்தில் தொடர்வார்கள், சிலர் தனியாருக்குப் போய்விடுவார்கள். "நீங்கள் போனால் என் ஆய்வை யார் பார்ப்பார்கள்?" என்று பணிவாகக் கேட்டு, இளைய விரிவுரையாளர் ஒருவரை இணை மேற்பார்வையாளராக முதல் நாளே போட்டுக்கொள்வது நல்லது. இப்போது அவர் கையில் எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். பெயர் பெற்றவர் என்பதாலேயே வரிசை நீளமாக இருக்கும். நீங்கள் அனுப்பிய அத்தியாயம் அவர் மின்னஞ்சலில் மாதக்கணக்கில் கிடக்கும். அந்த மாதங்களுக்கும் நீங்கள்தான் ஃபீஸ் கட்டுகிறீர்கள்.

நமக்கென்று ஒரு தனிப் பிரச்சினையும் உண்டு. நம்மில் பலர் ஆராய விரும்புவது தமிழ் ஊடகத்தை: மின்னல் எஃப்எம், ராகா வானொலிகள், வானவில் தொலைக்காட்சி, தமிழ் நாளிதழ்கள், இப்போதைய யூடியூப் சேனல்கள். மேற்பார்வையாளருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் நீங்கள் எடுத்துக்காட்டும் ஒவ்வொரு பகுதியையும் மலாய்க்கோ ஆங்கிலத்துக்கோ கொண்டுபோக வேண்டும். அது சும்மா நடக்கும் வேலை இல்லை. ஒரு செமஸ்டரையே விழுங்கிவிடும். மலாயாவில் கலை, சமூக அறிவியல் புலத்திலேயே ஊடகத் துறையும் இருக்கிறது, இந்திய ஆய்வியல் துறையும் இருக்கிறது. மேற்பார்வையாளர் ஒரு துறையில், இணை மேற்பார்வையாளர் மற்றதில் என்று அமைத்துக்கொள்ள முடிந்தால் பாதிப் பாரம் குறையும். வேறு வளாகமாக இருந்தால் தமிழ் தெரிந்த ஒருவரை வெளியிலிருந்து குழுவில் சேர்க்க விதி இடம் தருகிறதா என்று கேளுங்கள். ஆய்வேட்டை எந்த மொழியில் எழுதலாம் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தலைப்பிலும் காசு இருக்கிறது. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழை ஆராய வேண்டும் என்ற ஆசை யாருக்குத்தான் வராது? அருமையான தலைப்பு. ஆனால் உங்களுக்கு வேண்டிய வருடங்களின் பிரதிகள் எந்த நூலகத்தில், எந்த நிலையில் இருக்கின்றன, படம் எடுக்க விடுவார்களா என்று நேரில் போய்ப் பார்க்காமல் முன்மொழிவு எழுதாதீர்கள். பினாங்கில் இருந்துகொண்டு ஒவ்வொரு முறையும் தலைநகருக்கு ரயிலேறினால், மிச்சம் பிடித்த ஃபீஸ் டிக்கெட்டிலும் தங்குமிடத்திலும் போய்விடும்.

சமூக ஊடகம் என்றால் வேறு வகைச் சிக்கல். ஆய்வாளர்களுக்கு இலவசமாக இருந்த ட்விட்டர் தரவு வழி 2023-இல் மூடப்பட்டது. முகநூல் பக்கங்களை ஆராய எல்லாரும் நம்பியிருந்த கிரவுட்டேங்கிளை மெட்டா 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. 2020-இல் முடித்த ஒருவரின் ஆய்வேட்டைப் பார்த்து அதே முறையை உங்கள் முன்மொழிவில் போட்டால், தரவு எடுக்கப் போகும் நாளில்தான் வாசல் பூட்டியிருப்பது தெரியும். மென்பொருளையும் முன்கூட்டியே கேட்டுவிடலாம். புள்ளிவிவரத்துக்கான எஸ்பிஎஸ்எஸ், பேட்டிகளைப் பகுக்கும் என்விவோ போன்றவற்றுக்குப் பல்கலைக்கழகம் உரிமம் தருகிறதா, பகுதிநேர மாணவருக்கும் சேர்த்தா? இல்லையென்றால் ஜாஸ்ப், ஆர், டாகெட் எல்லாம் இலவசம். மேற்பார்வையாளருக்கு அவற்றில் ஆட்சேபம் இல்லை என்பதை மட்டும் உறுதிசெய்யுங்கள்.

பட்டம் பெறுவதற்கு முன்னால் ஆய்விதழில் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற நிபந்தனை பல இடங்களில் உண்டு. இதைக் கடைசி வருடத்தில் கண்டுபிடிப்பவர்கள்தான் அவசரத்தில் போலி இதழ்களுக்கு இரையாகிறார்கள். "ஒரு வாரத்தில் ஏற்போம், பணம் கட்டுங்கள்" என்று மின்னஞ்சல் வரும். கட்டுரை வந்துவிடும், பல்கலைக்கழகம் ஏற்காது, கட்டிய பணமும் திரும்பாது. ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் நேற்று இருந்த இதழ் இன்று நீக்கப்பட்டிருக்கலாம். அனுப்பும் அன்று ஸ்கோபஸ் தளத்திலேயே பாருங்கள், இதழின் முகப்பில் ஒட்டியிருக்கும் முத்திரையை நம்ப வேண்டாம். யூகேஎம் வெளியிடும் ஜுர்னல் கொமுனிகாசி மாதிரி நம் நாட்டுத் தொடர்பியல் இதழ்களே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் அவர்கள் முடிவு சொல்ல நாளாகும். அதனால் முதல் கட்டுரையை இரண்டாம் வருடத்திலேயே அனுப்பிவிட வேண்டும்.

பண உதவியைப் பற்றிச் சுருக்கமாக. மைபிரேன்15 என்ற அரசுத் திட்டம் சில வருடம் ஓடி நின்றது; 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மைபிரேன் மறுபடி அறிவிக்கப்பட்டது. உங்கள் துறைக்கு இடம் உண்டா, வயது வரம்பு என்ன என்பதை உயர்கல்வி அமைச்சின் தளத்தில் பாருங்கள். கேடபிள்யூஎஸ்பியில் (ஊழியர் சேமநிதி) அக்கவுன் செஜாத்ரா கணக்கிலிருந்து கல்விக் கட்டணத்துக்குப் பணம் எடுக்கலாம். என் கருத்தில் அது கடைசி வழி. வயதான காலத்துப் பணம். வருமான வரியில் சொந்தக் கல்விக் கட்டணத்துக்கு 7,000 வெள்ளி வரை விலக்கு உண்டு. முதுகலை, முனைவர் பட்டம் என்றால் எந்தத் துறையாக இருந்தாலும் அது பொருந்தும். ஆச்சரியம், நிறையப் பேர் இதைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். மேற்பார்வையாளரின் ஆராய்ச்சி நிதியில் உதவியாளர் வேலை கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை, அவர் தலைப்பை நீங்கள் கொஞ்சம் தழுவிக்கொள்ள வேண்டியிருக்கும் என்றாலும்.

செய்தி அறையில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகச் சேர்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிருபராக இருப்பதால் யாரையும் உடனே பேட்டி எடுக்க முடியும் என்ற துணிச்சல் நமக்கு உண்டு. ஆய்வில் அது ஆகாது. பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு முன்னால் எடுத்த பேட்டிகளைப் பயன்படுத்த முடியாமல் போகலாம். உங்கள் சொந்த அலுவலகத்தையே ஆராய்வதாக இருந்தால் ஆசிரியரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்கிவிட்டு ஃபீஸ் கட்டுங்கள். ஆசிரியர் மாறினால் அந்தச் சம்மதமும் மாறும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரிகைத் துறையிலேயே மேலே போக வேண்டும், கற்பிக்கும் எண்ணம் இல்லை என்றால் பிஎச்டியே வேண்டாம் என்றுதான் சொல்வேன். இங்கே எந்தத் தலைமையாசிரியர் நாற்காலிக்கும் அது தகுதியாகக் கேட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆய்வு ஆசை மட்டும் இருந்தால் ஆய்வு வழி முதுகலையில் சேர்ந்து பாருங்கள், பாதிச் செலவில் தெரிந்துவிடும்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது: ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகும் கட்டணம் ஓடுமா? தேர்வாளர்கள் படித்து முடித்து வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்குத் தேதி கிடைக்க மாதங்கள் ஆகும். அதன் பிறகு திருத்தம். செமஸ்டர் தொடங்கி இரண்டு வாரம் கழித்துச் சமர்ப்பித்தால் அந்தச் செமஸ்டருக்கு முழுக் கட்டணமா, பாதியா என்பது இடத்துக்கு இடம் மாறும். தேர்வுக் கட்டணம், பைண்டிங், பட்டமளிப்பு அங்கி எல்லாம் தனி. அட்டவணையின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். அதையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.